கேமராவுக்கு மூக்கு கிடையாது

சனிக்கிழமை காலையில் அவள் வகுப்பெடுக்கும் கோலத்தை மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. மேலே இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, இழுத்து வாரிய தலை. கீழே சாயம் போன வீட்டுப் பாவாடை, அதற்கும் கீழே வெந்நீர் வாளிக்குள் இரண்டு பாதங்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்க்கரைப் புண் பிரிவில் நர்ஸ் அவள். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கால்களைப் பார்க்கிறவளுக்குச் சொந்தக் காலைக் கவனிக்க அந்த ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அதையும் ஊருக்கு உபதேசம் செய்துகொண்டேதான் செய்ய வேண்டியிருந்தது.

ஆறு வருஷமாக இதே கதை. மடிக்கணினித் திரைக்குள் அவளுடைய சொந்த ஊர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை தெரியும். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பியில் ஒரு கைபேசியைக் கட்டி வைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நர்ஸுகள். இவள் இந்தப் பக்கம் அரிசி அடைத்த ஒரு காலுறையை மேசைமேல் வைத்து, அதில் சிவப்புப் பேனாவால் புண் வரைந்து, எப்படிக் கழுவுவது, எப்படிக் கட்டுவது என்று காட்டுவாள். அந்தக் காலுறையின் ஜோடியை அவள் வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். ஒற்றைக்கால் கொக்காகப் போய்விட்டேன் என்று வாரம் ஒருமுறை முணுமுணுப்பார். அரிசியாவது திரும்பக் கிடைக்குமா என்று ஒருநாள் கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வகுப்பின் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். முதலில் மூக்கு, அப்புறம் கண், கடைசியில்தான் கை. புண்ணுக்குள் நடக்கும் அக்கிரமம் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். "நீங்க காட்டுறதை நான் பார்க்கலாம், மோந்து பார்க்க முடியாது. கேமராவுக்கு மூக்கு கிடையாது. அந்த வேலை உங்களோடது" என்பாள். இதை எத்தனை தடவை சொன்னாளோ அவளுக்கே கணக்கில்லை. மற்றவர்கள் தலையாட்டிக் குறித்துக்கொள்வார்கள். ஒருத்தி மட்டும் ஒருமுறை எழுந்து நின்றாள். பத்து நாள் ஒரே வார்டில் கிடந்தால் நம் மூக்கே அந்த வாடைக்குப் பழகிவிடுகிறதே, அப்போது என்ன செய்வது என்று கேட்டாள். நல்ல கேள்வி. இவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அன்றைக்குத்தான் உள்ளே வந்த ஆள் யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல், பழகாத மூக்கு பொய் சொல்லாது என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கேள்விக்குறி என்று பேர் விழுந்தது. ஒல்லி உடம்பு, கொஞ்சம் கூன் வேறு. பேர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

வகுப்பு இவளுடைய யோசனை இல்லை. இந்த நாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் யோசனை. சங்கச் செயலாளரைத் திட்டம் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டீ போடக்கூட அவருக்கு ஒரு திட்டம் வேண்டும். நல்ல மனுஷர், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உண்மையாகவே தூக்கம் கெட்டவர். சாமான் அனுப்பினால் துருப்பிடிக்கும், படிப்பை அனுப்பினால் துருப்பிடிக்காது என்று அவர் சொன்னபோது இவளுக்கும் சரியென்றுதான் பட்டது.

முதல் மாதம் முப்பத்துநாலு பேர் வந்தார்கள். நாலாம் மாதம் ஒன்பது பேர். டியூட்டி முடிந்து கால் கடுக்க வந்து உட்கார்ந்து, அரிசிக் காலுறைக்குக் கட்டுப் போடுவதைப் பார்க்க யாருக்குப் பொறுமை? அப்போது சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. அது இவள் யோசனைதான், யார் தலையிலும் கட்ட முடியாது. கையில் ஒரு காகிதம் கொடுங்கள், தானாக வருவார்கள் என்றாள். ஓரத்தில் பொன்னிறக் கோடு போட்ட கெட்டித்தாளில் சான்றிதழ் அச்சடித்தார்கள். இரண்டு வருஷம் முடித்தவர்களுக்குக் கூடவே ஒரு கடிதம். இரண்டிலும் இவளுடைய கையெழுத்து, அதற்குக் கீழே இந்த நாட்டில் இவளுடைய நர்ஸ் பதிவு எண், சங்கத்தின் முத்திரை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அந்த இடத்தில்தான். ஆனால் அன்றைக்கு அது குரங்கு என்று யாருக்குத் தெரிந்தது? நாற்காலி போதாமல் சுவரோரம் நின்று பாடம் கேட்டார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆண்டுக் கூட்டத்தில் காட்டியபோது திட்டம் அண்ணனே எழுந்து நின்று கைதட்டினார். இரண்டு வருஷம் முடிந்ததும் முதல் பெண் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்து மூன்று பேர். அடுத்து ஆறு. அப்புறம் யாரும் எண்ணவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுகள், "சனிக்கிழமை வகுப்பு முடிச்சிருக்கியா?" என்றே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ அந்தப் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்து, சரி என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

போனவர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை, அதுதான் வேடிக்கை. இந்த நாட்டுக்கு வந்தவர்கள் இறங்கிய கையோடு சங்கத்தில் சேர்ந்தார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்கு நாங்களும் ஏதாவது செய்யணும், எங்களுக்கும் ஒரு சனிக்கிழமை கொடுங்கள் என்று முறை கேட்டார்கள். ஆறாம் வருஷம் முடிவில் இவளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் பதினொரு பேர் இருந்தார்கள். கேட்க நாலு பேர். கூட்டத்தில் இவள் எழுந்து அதைச் சொன்னாள். திட்டம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுதாம்மா இணைப்பு" என்றார். அவரிடம் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு டியூட்டி. சரிண்ணே என்று உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு நடுவில் ஊரில் அப்பாவின் கால்.

சர்க்கரை முதலில் இரண்டு விரலைக் கொண்டுபோனது. பிறகு குதிகாலில் ஒரு புண் வந்து, போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகாமலே உட்கார்ந்திருந்தது. இன்னும் ஆழமாக இறங்கினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோடு இருந்தது தம்பி. பஞ்சர் கடை வைத்திருக்கிறான். டியூபில் ஓட்டை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான், அப்பாவின் காலைப் பார்த்தால் மட்டும் தலை சுற்றும். காலைக் காப்பாற்றியது கேள்விக்குறிதான். யாரும் கேட்காமலே வந்தாள். டியூட்டி முடிந்து வாரம் மூன்று நாள் சாயங்காலம், இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, மோந்து பார்த்து, கழுவி, கட்டிவிட்டுப் போவாள். ஒருமுறை வாசற்படியிலேயே நின்று, "இன்னிக்கு வாடை வேற மாதிரி இருக்கே" என்று அப்பாவை அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் அன்றைக்கே கால் போயிருக்கும்.

அந்தக் கேள்விக்குறிதான் கடிதம் கேட்டாள். இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது, ஏஜென்ட் அவசரப்படுத்துகிறான், கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா அக்கா என்று செய்தி வந்தது.

இவள் அனுப்பவில்லை. முதல் வாரம், முத்திரை செயலாளரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை என்றாள். திட்டம் அண்ணன் அடுத்த தெருவில்தான் இருந்தார், முத்திரை இவள் அலமாரியில் இருந்தது. இரண்டாம் வாரம் கெட்டித்தாள் தீர்ந்துபோனது. மூன்றாம் வாரம் கடிதத்தின் வாசகத்தை மாற்றப்போகிறார்கள் என்றாள். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து. இந்த ஒருத்திக்கு மட்டும் பேனா எழும்பவில்லை. பொய் சொல்லச் சொல்ல அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது, சோறு வடிக்கும்போது, நோயாளியின் காலை மடியில் வைத்திருக்கும்போதுகூட அந்தக் கடிதம்தான். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மூன்று வாரமும் கேள்விக்குறி ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. தம்பி அனுப்பும் படத்தில் கட்டு எப்போதும்போல வெள்ளையாக, ஓரம் மடியாமல், அழகாக இருந்தது.

நாலாம் வாரம் தம்பியின் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு, கட்டுப் போட்டபடியே கேள்விக்குறி பேசினாள். அப்பா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"முத்திரை எங்கேயும் போகலைன்னு எனக்குத் தெரியும்க்கா."

சொன்னவளின் கை கட்டைச் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"நாலு பேர் பார்த்த வார்டை நான் ஒருத்தி பார்க்கிறேன். போனவங்க எல்லாருமே உங்க கையெழுத்துல போனவங்கதான். தப்புன்னு சொல்ல வரலை. நான் மட்டும் ஏன் இருக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அப்பா காலு…" என்று வந்துவிட்டது இவள் வாயில். வந்த பிறகு விழுங்க முடியவில்லை.

கேள்விக்குறி கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டின் நுனியை ஒட்டிவிட்டு, கையுறையைக் கழற்றியபடி, "நீங்க இங்கேயிருந்து போனப்ப யாரோட காலு இருந்துச்சுக்கா?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. வகுப்பில் கேட்பாளே, அதே மாதிரிதான், தெரிந்துகொள்ளக் கேட்டாள். இவள் யோசித்துப் பார்த்தாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், அதே ஆஸ்பத்திரி, இரண்டு வருஷம் சம்பளமில்லா விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய கடைசி நாள். காலையில் டியூட்டி பார்த்தாள், அது நினைவிருக்கிறது. யார் யாருக்கோ கட்டு மாற்றினாள். ஏதோ கட்டிலில் ஏதோ ஒரு கால் இருந்திருக்கத்தான் வேண்டும். நாளைக்கு வருவீங்களா என்று யாராவது கேட்டுமிருப்பார்கள். எவ்வளவு துழாவியும் ஒரு முகம் வரவில்லை. புதுப் பெட்டியின் நிறம்தான் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டாள். முத்திரையையும் அழுத்திக் குத்தினாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது?

கிளம்ப நாற்பது நாள் இருந்தது. அந்த நாற்பது நாளும் கேள்விக்குறி தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள். முதல் வாரம் அவன் இரண்டு தடவை வாசலில் போய் வாந்தி எடுத்தான். மூன்றாம் வாரம், டியூபைச் சுரண்டுகிற மாதிரி சுரண்டாதீங்க அண்ணே, இது உங்கப்பா என்று திட்டு வாங்கினான். ஐந்தாம் வாரம் கண் திறந்து செய்தான். கடைசி நாள் அவனே கட்டிய கட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். ஓரம் கொஞ்சம் மடிந்திருந்தது, ஆனாலும் பரவாயில்லை. இவள் அந்தப் படத்தை வீட்டுக்காரரிடம் காட்டி, என் தம்பி போட்டது என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஐந்து மாதம் ஓடியது. கேள்விக்குறி இதே நாட்டுக்கு வந்து, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டாள், எனக்கு எந்தச் சனிக்கிழமை அக்கா என்று.

அதற்குள் திட்டம் அண்ணனின் நெடுநாள் திட்டம் பலித்திருந்தது. சங்கக் கட்டடத்தின் மாடியில் வகுப்புக்கென்றே ஒரு கூடம். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. நல்ல கேமரா, நல்ல ஒலிபெருக்கி. திறப்பு நாளில் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் கேள்விக்குறி, இவள் பக்கத்து நாற்காலியில். பின்னால் அழைப்பின்பேரில் வந்தவர்கள்.

குறித்த நேரத்துக்குத் திரை ஒளிர்ந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறை, நாற்காலிகள், நாற்காலிகள் மட்டும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைப்பக்காரம்மா ஒருத்தர் எட்டிப் பார்த்தார். நர்ஸம்மாக்கள் மூன்று பேரும் வார்டில் இருக்கிறார்கள், விட்டுவிட்டு வர ஆளில்லை, இன்றைக்கு வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார். பெரிய திரையில் பெரிய இருட்டு.

திட்டம் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. பின்வரிசையில் செருமல் கேட்டது. அவர் இவளிடம் குனிந்து, அப்பாவுக்குக் கட்டு மாற்றும் நேரம்தானே, தம்பியை இதில் வரச் சொல்ல முடியுமாம்மா, தப்பாக நினைக்காதே என்றார். வேறு நாளாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பாள். ஆனால் இரண்டு நாளாகத் தம்பி அனுப்பிய படங்களில் நிறம் சரியாக இல்லை. விளக்கு மங்கலா, கைபேசி பழசா, இல்லை தன் கண்தான் களைத்துப் போனதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர் பார்க்கட்டும் என்று தோன்றியது. தம்பியைக் கூப்பிட்டாள்.

அப்பாவின் கால் சுவரில் வந்து நின்றது. ஒரு கதவு அளவுக்கு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாக அதை யாரும் பார்த்ததில்லை. தம்பி கையுறை போட்டுக்கொண்டு பழைய கட்டை ஒழுங்காகப் பிரித்தான். பதினொரு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். விளக்கைக் கிட்டே கொண்டுவா, இடதுபக்கம் திருப்பு, ஓரத்தை அழுத்திப் பார், சூடு இருக்கிறதா, தண்ணீரா சீழா. ஒவ்வொருத்திக்கும் பொன்னிறக் கோடு போட்ட காகிதம் இருந்தது. ஒவ்வொருத்திக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இப்படி ஒரு கூட்டம் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்திருந்தால் போதுமே என்று இவளுக்கு வயிறு எரிந்தது. ஓரம் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் ஒருத்தி. இல்லை, அந்த மூலையில் கறுப்பு என்றாள் இன்னொருத்தி. அது நிழல் என்றாள் மூன்றாமவள்.

கேள்விக்குறி அதுவரை பேசவேயில்லை. பிறகு எழுந்து நின்றாள். "அண்ணே, வாடை எப்படி இருக்கு?"

தம்பி குனிந்தான். திரையில் அவன் தலை முழுவதும் வந்து காலை மறைத்தது. இழுத்து மூச்சு விட்டான். இன்னொரு தடவை இழுத்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னான்.

"ஒண்ணும் தெரியலை சிஸ்டர். எனக்குப் பழகிப்போச்சு."

கூடம் அடங்கிவிட்டது. பின்வரிசைக்காரர்களுக்கு என்னவென்று விளங்கவில்லை. முன்வரிசையில் விளங்காதவர் ஒருத்தரும் இல்லை. ஒரே பாடத்தை ஒரே வாயிலிருந்து கேட்டவர்கள். கேள்விக்குறியின் கை தன்னையறியாமல் திரைப் பக்கம் நீண்டு, பாதியில் நின்றது. அவளுக்கு மட்டும் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், வாசற்படியிலேயே தெரிந்திருக்கும். இன்னும் இரண்டு பஸ் தூரத்தில் இருந்திருந்தால்.

இவள்தான் பேசினாள். "தம்பி, தெருவுல போய் யாரையாவது கூப்பிட்டுட்டு வாடா. யாரா இருந்தாலும் பரவாயில்லை. இந்த வீட்டுக்கு அடிக்கடி வராத ஆளா இருக்கணும்."

அவன் கையுறையோடு எழுந்து ஓடினான். கதவு சாத்தும் சத்தம் நல்ல ஒலிபெருக்கியில் துல்லியமாகக் கேட்டது. திரையில் கால் மட்டும் இருந்தது, முக்காலிமேல், கட்டில்லாமல். பிறகு அந்தக் கால் கொஞ்சம் அசைந்தது. அப்பாவுக்குப் பார்வை மங்கி வருஷக்கணக்காகிறது, கைபேசிக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. இவ்வளவு நேரம் இரைச்சலாக இருந்த இடம் திடீரென்று சத்தமில்லாமல் போனதுதான் தெரிந்தது. தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் என்றில்லாமல் பொதுவாகக் கேட்டார்.

"என்ன, எல்லாரும் போயிட்டீங்களா?"